மூன்றாம் நாள் ஒரு போன் போடுங்கள்

கேள்வி: டாக்டர், நான் பெங்களூரு லிங்கராஜபுரத்தில் இருக்கிறேன். ஐடி வேலை, வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே. எட்டு மாதமாக எங்கள் பக்கத்து விலங்குகள் காப்பகத்தில் ஃபாஸ்டர் வேலையை ஒருங்கிணைக்கிறேன். குட்டிகளையும், ஆபரேஷன் முடிந்த நாய் பூனைகளையும் சில வாரம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் பிடித்து அனுப்ப வேண்டும். சம்பளம் இல்லை, ஆசைப்பட்டுத்தான் எடுத்தேன். கூகுள் ஃபார்மில் 43 பேர் பெயர் கொடுத்தார்கள். கூட்டிப் போனவர்கள் 11 பேர். அதில் ஐந்து பேர் ஒரே வாரத்தில் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள். பிரேசர் டவுனில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் இரண்டு மாதக் குட்டியை எடுத்துப் போனார். மறுநாளே வாந்தி, ஐந்தாம் நாள் பார்வோ என்ற வைரஸ் நோயில் இறந்துவிட்டது. காப்பகத்தில் ஒருவர் அவரிடம் "என்னம்மா குடுத்தீங்க?" என்று கேட்டுவிட, அவர் குரூப்பை விட்டே போய்விட்டார். கம்மனஹள்ளியில் ஒரு தம்பதி, இடுப்பெலும்பு முறிந்த நாயை ஆறு வாரம் பார்த்துவிட்டு, இப்போது தர மாட்டோம் என்கிறார்கள். வாட்ஸ்ஆப் குரூப்பில் தினமும் கெஞ்சுகிறேன், பதிலே வருவதில்லை. இன்னும் நிறையப் பேரைச் சேர்ப்பது எப்படி? இல்லை, இது எனக்கு ஒத்துவராத வேலையா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

43 பேர் போதும். அந்த ஃபார்மை இரண்டு மாதத்துக்கு மூடி வையுங்கள். புது ஆள் தேடும் நேரத்தை, ஏற்கெனவே வந்தவர்களிடம் பேசுவதற்குச் செலவிடுங்கள்.

நீங்கள் கடிதத்தோடு அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். ஒவ்வொரு குட்டியின் எடை, ஊசி போட்ட தேதி, குடற்புழு மருந்து கொடுத்த தேதி எல்லாம் சுத்தமாக இருக்கிறது. இவ்வளவு ஒழுங்கான பட்டியலைப் பெரிய காப்பகங்களில்கூட நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் திருப்பிக் கொண்டுவந்த அந்த ஐந்து பேர் ஏன் கொண்டுவந்தார்கள் என்பதற்கு அதில் ஒரு வரி இல்லை. வீட்டு ஓனர் சத்தம் போட்டாரா, ராத்திரி முழுக்கக் குட்டி அழுததா, வீட்டில் குழந்தைக்கு உடம்பு சரியில்லையா? யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது. குட்டிகளைக் காப்பகத்து ஆட்களும் டாக்டரும் பார்த்துக்கொள்வார்கள். ஃபாஸ்டர் ஒருங்கிணைப்பவரின் பொறுப்பில் இருப்பது அந்த 43 மனிதர்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ள அங்கே வேறு யாரும் கிடையாது.

இதை நான் சொந்த அனுபவத்தில் கற்றேன். பல வருடங்களுக்கு முன்னால் நான் ஒரு காப்பகத்தில் வேலை பார்த்தபோது, அல்சூரிலிருந்து ஒரு அம்மா வயதான நாய் ஒன்றைக் கூட்டிப் போயிருந்தார். ஒன்பதாவது நாள் திருப்பிக் கொண்டுவந்தார். நாய்க்குக் கொடுத்த எவர்சில்வர் தட்டைப் புளி போட்டுத் தேய்த்திருந்தார். விரிக்கக் கொடுத்த பழைய பெட்ஷீட்டைத் துவைத்து, நான்காக மடித்து, மஞ்சள் பையில் போட்டு எடுத்து வந்திருந்தார். கேட்டுக்கு வெளியிலேயே நின்றார், உள்ளே வரவில்லை. நான் வேலை அவசரத்தில் "ஏம்மா, இன்னும் பத்து நாள் வெச்சிருக்கக் கூடாதா?" என்று கேட்டேன். ஒன்றும் சொல்லாமல் பையைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அவர் கணவருக்கு அந்த வாரம்தான் டயாலிசிஸ் ஆரம்பித்திருக்கிறார்கள் என்று பிறகு இன்னொருவர் மூலம் தெரிந்தது. அந்த அம்மா திரும்ப வரவே இல்லை. நன்றாகப் பார்த்துக்கொண்ட ஒரு வீட்டை என்னுடைய ஒரு கேள்வி மூடிவிட்டது.

அதனால் நீங்கள் முதலில் மாற்ற வேண்டியது, திருப்பிக் கொண்டுவருபவரை வரவேற்கும் விதத்தை. எந்த நாளில் கொண்டுவந்தாலும் "இத்தனை நாள் பார்த்துக்கிட்டீங்களே, ரொம்ப நன்றி" என்று சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் உட்காரவைத்து, ஒரு டீ கொடுத்து, இது ராத்திரி எங்கே தூங்கியது, எதைப் பார்த்துப் பயந்தது, எதை விரும்பிச் சாப்பிட்டது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நான்கு நாள் வீட்டில் இருந்த நாயைப் பற்றி அவர் சொல்லும் விஷயம், நாற்பது நாள் கூண்டில் பார்த்தாலும் நமக்குக் கிடைக்காது. அடுத்து அதைத் தத்து எடுப்பவருக்கு அது மிகவும் பயன்படும். கூட்டிப் போகும்போதே, "எப்போது முடியவில்லை என்றாலும் சொல்லுங்கள், 24 மணி நேரத்துக்குள் நாங்கள் வந்து கூட்டிக்கொள்கிறோம்" என்று வாக்குக் கொடுங்கள், அதைக் காப்பாற்றுங்கள். வழி திறந்திருக்கிறது என்று தெரிந்தால், மக்கள் இன்னும் இரண்டு நாள் தாக்குப்பிடித்துப் பார்ப்பார்கள். அந்த இரண்டு நாளில் குட்டி பழகிவிடும்.

சரி, டீச்சரம்மா விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது அதுதான்.

பார்வோ வைரஸ் ஒரு குட்டியின் உடம்புக்குள் போனதிலிருந்து வாந்தி, ரத்தபேதி தெரிய பொதுவாக மூன்று முதல் ஏழு நாள் ஆகும், சில சமயம் இரண்டு வாரம்கூட. இந்தக் குட்டி மறுநாளே வாந்தி எடுத்திருக்கிறது. அப்படியானால் அது காப்பகத்திலிருந்தோ, அதற்கு முன்பு தெருவிலிருந்தோ நோயோடுதான் அவர் வீட்டுக்குப் போயிருக்கிறது. அவர் கொடுத்த சாதமோ பாலோ அதற்குக் காரணமே இல்லை. பட்டியலில் "ஊசி போட்டாச்சு" என்று நீங்கள் குறித்திருப்பதும் பாதி உண்மைதான். அது முதல் ஊசி. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் ரத்தத்தில் இருக்கும்வரை அது தடுப்பூசியையும் வேலை செய்யவிடாமல் தடுக்கும். எந்தக் குட்டிக்கு அது எப்போது தீரும் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆரம்பித்து, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் ஆகும்வரை திரும்பத் திரும்பப் போடுகிறோம். ஒரு ஊசி போட்ட குட்டியை "பாதுகாப்பானது" என்று நினைத்து யாரும் எடுத்துப் போகக் கூடாது. கூட்டிப் போகிறவரிடம், "முதல் இரண்டு வாரம் இதற்கு நோய் வர வாய்ப்பு உண்டு. வந்தால் அது உங்கள் தப்பில்லை. எத்தனை மணியானாலும் எனக்குப் போன் செய்யுங்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பயந்து வேண்டாம் என்று சிலர் விலகலாம். பரவாயில்லை.

இன்னொன்று. பார்வோ வந்த வீட்டில் அந்த வைரஸ் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், சில இடங்களில் ஒரு வருடம்கூட. நாம் வீடு துடைக்கும் ஃபினாயிலை நம்ப முடியாது. ப்ளீச் வேண்டும். கடையில் கிடைக்கும் சாதாரண திரவ ப்ளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் முப்பது பங்கு. முதலில் சோப்பு போட்டு அழுக்கை எடுத்துவிட்டு, ப்ளீச் தண்ணீரை ஊற்றிப் பத்து நிமிடம் ஈரமாகவே விட்டுவிட்டுக் கழுவ வேண்டும். பாத்ரூம் கழுவும் ஆசிட்டோடு அதை ஒருபோதும் சேர்க்கக் கூடாது, விஷவாயு வரும். சோபா, மெத்தை, செடி வைத்த மண் இவற்றை ப்ளீச் போட்டுக் கழுவ முடியாது. எனவே அந்த வீட்டுக்கு ஒரு வருடம் தடுப்பூசி முடியாத குட்டிகளை அனுப்பாதீர்கள். ஊசிகள் முழுதாகப் போட்ட பெரிய நாய் தாராளமாகப் போகலாம்.

யாருக்கு எதை அனுப்புவது என்பதில்தான் உங்கள் திறமை தெரிய வேண்டும். உங்கள் ஃபார்மில் "உங்களுக்கு நாய் பிடிக்குமா, பூனை பிடிக்குமா?" என்று இருக்கிறது. பிடிக்காமலா ஃபார்ம் நிரப்புவார்கள்? அதற்குப் பதிலாகப் போனில் கேளுங்கள்: நேற்று காலை ஒன்பது மணிக்கு வீட்டில் யார் இருந்தார்கள்? மாலை எத்தனை மணிக்குத் திரும்பினீர்கள்? ஓனரிடம் சொல்லிவிட்டீர்களா? பால்கனியில் கம்பி இருக்கிறதா? வீட்டில் முட்டை, கறி சமைப்பீர்களா, அல்லது சுத்த சைவமா? சைவ வீடென்றால் தப்பே இல்லை, உலர் தீவனம் நாமே கொடுத்துவிடலாம். ஆனால் தெரியாமல் அனுப்பினால், பாட்டி அன்போடு மூன்று வேளையும் தயிர்சாதமும் வெங்காய சாம்பாரும் போடுவார். வெங்காயமும் பூண்டும் நாய்க்கும் பூனைக்கும் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் என்று அவருக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டாமா?

ஓனர் விஷயம் பெங்களூரில் பெரிய தலைவலி. குடியிருப்போர் சங்கம் செல்லப்பிராணியைத் தடை செய்ய முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. ஆனால் வாடகை வீட்டில் இருப்பவர் அந்தக் காகிதத்தைக் காட்டி ஓனரோடு மல்லுக்கு நின்று நாலு வாரக் குட்டியை வளர்க்க மாட்டார், நாமும் அவரை அந்த நிலைக்குத் தள்ளக் கூடாது. "சரி, வெச்சுக்கோங்க" என்று ஓனர் அனுப்பிய ஒரு வாட்ஸ்ஆப் செய்தி போதும், அதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஐந்து பேரில் இரண்டு பேராவது இதனால்தான் திருப்பியிருப்பார்கள் என்பது என் ஊகம்.

கண் திறக்காத குட்டிகளைப் புதியவர்களுக்கு அனுப்பவே வேண்டாம். கண் திறக்கப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். அதுவரை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால், ராத்திரியிலும்தான். ஒவ்வொரு முறையும் ஈரப் பஞ்சால் மெல்லத் துடைத்துவிட்டால்தான் சிறுநீர், மலம் போகும். இவற்றைவிட முக்கியம் சூடு. முதல் இரண்டு வாரம் குட்டிக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காக்கத் தெரியாது. டிசம்பர், ஜனவரி ராத்திரியில் பெங்களூரு மொசைக் தரை எப்படிச் சில்லிடும் என்று உங்களுக்கே தெரியும். சில்லிட்ட குட்டியைப் பார்த்ததும், ஐயோ பாவம் பசி என்று பாலைத்தான் முதலில் கொடுக்கிறார்கள். கொடுக்கக் கூடாது. குளிர்ந்த வயிறு பாலைச் செரிக்காது, மூச்சுக்குழாய்க்குள்ளும் போய்விடும். உங்கள் சுண்டுவிரலை மெல்ல அதன் வாய்க்குள் விட்டுப் பாருங்கள். வாயின் உள்பக்கம் சில்லென்று இருந்தால், துணி சுற்றிய வெந்நீர் பாட்டிலை அணைத்து வைத்து முதலில் உடம்பைச் சூடாக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் அதுவே விரலைச் சப்ப ஆரம்பிக்கும். அப்போதுதான் பால், அதுவும் குப்புறப் படுக்கவைத்து. கைக்குழந்தைபோல மல்லாக்கப் பிடித்து ஊட்டவே கூடாது. பசும்பாலும் வேண்டாம், நாய்க்குட்டிக்கான பால்பவுடரைக் காப்பகமே வாங்கிக் கொடுக்கட்டும். இதையெல்லாம் செய்யக்கூடிய மூன்று நான்கு பேர் உங்களுக்குக் கிடைத்தால் அதுவே பெரிய பாக்கியம். அவர்களை அடிக்கடி கூப்பிடாமல் இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அதே சமயம், குட்டி பிழைத்து மூன்று வாரம் தாண்டிவிட்டால் காப்பகத்தில் ஒரு நாள்கூட வைக்காமல் வீட்டுக்கு அனுப்பப் பாருங்கள். மூன்று வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினான்கு வாரம்வரை அது பார்ப்பதும் கேட்பதும்தான் உலகம் என்று அதன் மனதில் பதியும். மிக்ஸி சத்தம், குக்கர் விசில், சின்னப் பிள்ளை, தாடி வைத்த ஆள், ஹெல்மெட் போட்டவர் எல்லாவற்றையும் அப்போது பார்த்த குட்டி பின்னால் எந்த வீட்டிலும் இருந்துகொள்ளும். பூனைக்குட்டிக்கு இந்தக் காலம் இன்னும் குறைவு, ஏறத்தாழ இரண்டிலிருந்து ஏழு வாரம்தான்.

இனி அந்தப் போன். முதல் நாள் எல்லோரும் உற்சாகமாக இருப்பார்கள், போட்டோ அனுப்புவார்கள். இரண்டாம் நாள் தூக்கம் இருக்காது. மூன்றாம் நாள்தான் "நமக்கு எதுக்கு இந்த வேலை" என்று தோன்றும். அன்று சாயங்காலம் நீங்கள் கூப்பிடுங்கள். மெசேஜ் வேண்டாம், குரல் கேட்க வேண்டும். குட்டி எப்படி இருக்கிறது என்று ஆரம்பிக்காதீர்கள். "நீங்க தூங்கினீங்களா, சாப்பிட்டீங்களா?" என்று ஆரம்பியுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே வெளியே வந்துவிடும். ராத்திரி அழுகிறது என்பார்கள், படுக்கைக்குப் பக்கத்திலேயே பெட்டியை வைக்கச் சொல்லலாம். ஹாலெல்லாம் மூத்திரம் என்பார்கள், சாப்பிட்டுப் பத்து நிமிடத்துக்குள் வெளியே கொண்டுபோகச் சொல்லலாம். அப்புறம் ஏழாம் நாள் ஒரு போன், பதினான்காம் நாள் ஒரு போன். அவ்வளவுதான்.

குரூப்பில் கெஞ்சுவதை நிறுத்துங்கள். நூறு பேர் பார்க்கும் இடத்தில் போடும் வேண்டுகோளுக்கு, வேறு யாராவது எடுப்பார்கள் என்றுதான் ஒவ்வொருவரும் நினைப்பார்கள். பட்டியலைப் பார்த்து, இந்த நாய்க்கு இந்த வீடு என்று முடிவு செய்து, அந்த ஒருவரை மட்டும் கூப்பிட்டு, "பத்தொன்பது நாள், இன்ன தேதிவரை" என்று கேளுங்கள். முடிவு தேதி இல்லாமல் யாரையும் கேட்காதீர்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். குட்டிக்கு ரேபிஸ் ஊசியே மூன்று மாதத்தில்தான் போடுகிறோம். அதற்கு முன் அது விளையாட்டாகக் கடித்தாலும், பல்லோ நகமோ பட்டு லேசாக ரத்தம் வந்தாலும், "குட்டிதானே" என்று விடக் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும், மஞ்சளோ சுண்ணாம்போ வைக்கக் கூடாது, அன்றே ஆஸ்பத்திரி போக வேண்டும். ஃபாஸ்டர் எடுக்கும் ஒவ்வொருவரும் முன்கூட்டியே ரேபிஸ் தடுப்பூசி மூன்று டோஸ் போட்டுக்கொள்வது மிக நல்லது. முதல் நாள் ஒன்று, அதிலிருந்து 7-ஆம் நாள் ஒன்று, 21 அல்லது 28-ஆம் நாள் ஒன்று. அப்படிப் போட்டுக்கொண்டவருக்குப் பின்னால் கடிபட்டால் இரண்டு டோஸ் போதும், எதிர்ப்புச் சக்தியை நேரடியாகச் செலுத்தும் இம்யூனோகுளோபுலின் ஊசி தேவைப்படாது. நீங்கள் போட்டுக்கொண்டீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. இந்த வாரமே போங்கள்.

பெங்களூருத் தமிழர்களுக்கு மட்டுமே உரிய ஒரு சிக்கலும் உண்டு. நம் தெருநாய்கள் மழைக்காலம் முடிந்து குளிர் தொடங்கும் மாதங்களில்தான் அதிகம் குட்டி போடும். சரியாக அப்போதுதான் தீபாவளி, பொங்கல் என்று உங்கள் பட்டியலில் பாதிப் பேர் ஊருக்குப் பஸ் ஏறிவிடுவார்கள். பண்டிகைக்கு முந்தின நாள் நான்கு நாய்களோடு காப்பகத்து வாசலில் வந்து நிற்பார்கள். செப்டம்பரிலேயே உட்கார்ந்து, வீடுகளை இரண்டிரண்டாகச் சேர்த்துவிடுங்கள். பொங்கலுக்கு சேலம் போகும் வீட்டுக்கு, ஊருக்குப் போகாத ஒரு கன்னட வீடோ மலையாள வீடோ ஜோடி. யுகாதிக்கோ ஓணத்துக்கோ அவர்கள் ஊருக்குப் போனால், அவர்கள் நாயைத் தமிழ் வீடு பார்த்துக்கொள்ளட்டும். நாய்க்கும் இரண்டாவது வீடு முன்பே பழக்கமாகியிருக்க வேண்டும். தீபாவளி வாரத்தில் எந்த நாயையும் புது வீட்டுக்கு மாற்றாதீர்கள். வெடிச் சத்தத்தில் கதவு திறந்த நொடியில் ஓடிவிடும், புது இடத்தில் திரும்பி வர வழி தெரியாது. எப்போதுமே கழுத்துப்பட்டை ஒன்று, உடம்புப் பட்டை ஒன்று, இரண்டிலும் கயிறு, பட்டையில் உங்கள் போன் நம்பர்.

கம்மனஹள்ளித் தம்பதி மீது கோபப்பட வேண்டாம். இடுப்பெலும்பு முறிந்த நாயை ஆறு வாரம் தூக்கி, துடைத்து, மெத்தை மாற்றிப் பார்த்துக்கொண்டவர்கள் விட மனம் வராமல் தவிப்பது இயற்கை. நாய் அங்கே நன்றாக இருந்தால், கருத்தடை, ரேபிஸ் ஊசி இரண்டையும் முடித்து, முறைப்படி தத்துக் கொடுத்துவிடுங்கள். இனிமேல் மட்டும் கூட்டிப் போகும்போதே ஒரு காகிதத்தில் எழுதி வாங்குங்கள்: விலங்கு காப்பகத்தின் பொறுப்பில் உள்ளது, வேறு யாருக்கும் கைமாற்றக் கூடாது, தத்தெடுக்க விரும்பினால் ஃபாஸ்டருக்கே முதல் உரிமை, அதை இன்ன தேதிக்குள் சொல்ல வேண்டும். ஒரு ஃபாஸ்டர் வீட்டை இழந்துவிட்டோமே என்ற உங்கள் கவலையும் எனக்குப் புரிகிறது. ஆறு மாதம் கழித்து அவர்களைக் கேட்டுப் பாருங்கள். நாய்க்கு நிலையான ஒரு இடம் அமைந்த பிறகு, இன்னொன்றுக்குச் சில நாள் இடம் கொடுக்க அவர்களே முன்வரலாம்.

இந்த வேலை உங்களுக்கு ஒத்துவராது என்று நான் நினைக்கவில்லை. தனியாகச் செய்ய முடியாது என்பது மட்டும் நிச்சயம். 43 பேரில் நன்றாகப் பேசத் தெரிந்த இரண்டு பேரைத் தேர்ந்தெடுங்கள், விலங்கு எடுக்க முடியாத நிலையில் இருப்பவராகக்கூட இருக்கலாம். ஆளுக்குப் பத்து வீடு பிரித்துக் கொடுங்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் அவசரப் போனை மூவரும் வாரம் மாற்றி எடுங்கள். காப்பகப் பொறுப்பாளரிடம், இறந்த விலங்கைப் பற்றி ஃபாஸ்டரிடம் நீங்கள் மட்டுமே பேசுவீர்கள், வேறு யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

இந்தச் சனிக்கிழமை பிரேசர் டவுனுக்குப் போங்கள். போனில் வேண்டாம், நேரில். அந்தக் குட்டி நோயோடுதான் வந்தது, அவர் கொடுத்த எதனாலும் அது இறக்கவில்லை என்று நாள் கணக்கைச் சொல்லி விளக்குங்கள். அந்தக் கேள்வி கேட்கப்பட்டதற்கு மன்னிப்புக் கேளுங்கள். கையோடு ஒரு பாட்டில் ப்ளீச்சும் இரண்டு கையுறையும் எடுத்துப் போங்கள். குட்டி படுத்திருந்த மூலையை அவர் இன்னும் கழுவாமல் வைத்திருக்கலாம், சேர்ந்து கழுவிவிட்டு வாருங்கள்.